நாலு டிக்கெட்டும் ஒரு மெழுகுவத்தியும்



இந்த மாதம் அறிவியலாளர் பக்கம் எழுதும் முறை என்னுடையது. யாரைப் பற்றி எழுதலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. மைக்கேல் ஃபாரடேதான். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன அறிவியல் கண்காட்சியில் என் மேஜையில் டைனமோ மாதிரி வைத்திருந்தேன். பழைய சைக்கிள் சக்கரம், காந்தம், கம்பிச்சுருள், ஒரு குட்டி பல்பு. கையால் சுற்றினால் பல்பு எரியும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார்கள். பேட்டரியே இல்லையே, கரண்ட்டு எங்கேயிருந்து வருது என்று கேட்டார்கள். நான் புத்தகத்தில் உள்ள விதியை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். காந்தப் பாயம், மாறுபாட்டு வீதம், தூண்டப்பட்ட மின்னியக்கு விசை என்று அடுக்கினேன். பாட்டி தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏழாம் வகுப்புப் பசங்களின் எரிமலை நுரைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவமானமாப் போச்சு. உண்மையைச் சொன்னால் அந்த விதி எனக்கும் சரியாகப் புரிந்திருக்கவில்லை.

அந்த விதி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஃபாரடே. நூலகத்தில் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவரும் ஒரு காலத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவர் என்று.

1791 செப்டம்பர் 22-இல் லண்டனை ஒட்டிய நியூவிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர். அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், பட்டறை வேலை நின்றுபோகும். 1801-இல் தானிய விலை ஏறியபோது அந்தச் சிறுவனுக்கு ஒரு வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும் கற்றதோடு சரி. 13 வயதில் ரீபோ என்பவருடைய புத்தகக் கடையில் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அடுத்த வருஷம் அதே கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருஷ ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களை நாமாக இருந்தால் தைத்து, பசை போட்டு, அடுக்கிவிட்டுப் போயிருப்போம். இவர் தைப்பதற்கு முன்னால் படித்தார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அப்படித்தான் கையில் வந்தது. இன்னொன்று, ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்கள். ஒரு ஆசிரியையும் இரண்டு பெண்பிள்ளைகளும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்ளும் புத்தகம். மார்செட் ஆராய்ச்சியாளர் இல்லை. ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, தன்னைப் போன்ற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று எழுதினார். ஃபாரடே அதில் உள்ள சோதனைகளைத் தன் சில்லறைக் காசில் முடிந்த மட்டும் செய்து பார்த்தார். பின்னால் பெரிய ஆளான பிறகும் தன் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு மரியாதையாக அனுப்பிவைத்தாராம். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

சாயங்காலங்களில் டேட்டம் என்பவர் வீட்டில் அறிவியல் சொற்பொழிவு நடக்கும். கட்டணம் ஒரு ஷில்லிங். அண்ணன் ராபர்ட்தான் காசு கொடுத்தார். அண்ணனும் கொல்லர் வேலைதான் பார்த்தார், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1812-இல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், டேவியின் சொற்பொழிவுகளுக்கு நாலு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே மாடியில் கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, படம் வரைந்து, தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பிவிட்டார்! கிட்டத்தட்ட 300 பக்கம். சில மாதம் கழித்து ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். 1813 மார்ச்சில் அந்த இடம் ஃபாரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, எரிக்கக் கரி, மெழுகுவத்தி.

அவருடைய கண்டுபிடிப்புகளை இங்கே முழுசா எழுதினால் சுவர் பத்தாது. 1821-இல் மின்சாரத்தால் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓட வைத்தார், மோட்டாருக்கு அதுதான் ஆரம்பம். 1825-இல் பென்சீன். ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன், ஏன்னா பாட்டியின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கு. 1831 அக்டோபரில் ஒரு கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் சட்டென்று நுழைத்தார். மின்னோட்டம் காட்டும் ஊசி ஒரு துள்ளு துள்ளியது. காந்தத்தை உள்ளேயே வைத்திருந்தால் ஊசி சும்மா நின்றது. வெளியே இழுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளியது. ஆக, காந்தம் அசையும் வரைதான் கரண்ட்டு. நான் ஒப்பித்த மாறுபாட்டு வீதம் இதுதானே! பாட்டி கையில் காந்தத்தைக் கொடுத்து உள்ளே வெளியே தள்ளச் சொல்லியிருந்தால் போதும். அவங்க கையின் உழைப்புதான் கரண்ட்டாக மாறுது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்க்கூட இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபாரடேக்குப் பேச்சு பிறவியிலேயே வந்தது என்று நினைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த 1813-லேயே, சொற்பொழிவு எப்படி இருக்கணும் என்று நண்பருக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். மண்டபத்தில் காற்று வருகிறதா, வெளிச்சம் போதுமா, பேசுபவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டுகிறாரா என்று எல்லாத்தையும் கவனித்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் அதில் உண்டு. (இதை நம் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்காக எழுதவில்லை, சத்தியமா!) பிறகு ஸ்மார்ட் என்ற ஆசிரியரிடம் காசு கொடுத்துப் பேச்சுப் பயிற்சி எடுத்தார். பேசும்போது உடன் ஒருவர் இருப்பார். வேகம் கூடினால் மெதுவாக என்று எழுதிய அட்டையை எடுத்துக் காட்டுவார். நேரம் ஆகிவிட்டால் அதற்கு வேறொரு அட்டை. கல்லைக் கைவிட்டால் கீழே விழும் என்று சொல்வதானால்கூடக் கையைத் திறந்து விழ வைத்தே காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை.

1825-இல் பிள்ளைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தொடங்கின. 1826-இல் பெரியவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டங்கள். வெள்ளிக்கிழமைகளில் இவர் மட்டும் நூறு தடவைக்கு மேல் பேசியிருக்கிறார். பிள்ளைகளுக்கு 1827 முதல் 1860 வரை 19 வருடத் தொடர்கள். காந்த சக்தியைக் காட்ட ஒருமுறை, கணப்பில் போடும் கரிவாளியைக் கரியோடு தூக்கி மின்காந்தத்தின் மேல் எறிந்தார். பின்னாலேயே இடுக்கி, இரும்புக்கம்பி எல்லாம் பறந்தன. எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டன. நான் அங்கே இருந்திருந்தால் விசில் அடித்திருப்பேன்.

ஒரு குறையையும் சொல்லணும். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டு ஆட்கள்தான். 1855-இல் அரசியின் கணவரும் இளவரசர்களும் வந்தார்கள். ஆனால் இனாம் டிக்கெட்டில் மாடியில் உட்கார்ந்த பைண்டிங் கடைப் பையனைப் போல எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அரங்குக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அவர் பேசாமல் இல்லை. 1853-இல் லண்டனில் ஆவிகள் மேஜையைச் சுற்ற வைப்பதாக ஒரே பரபரப்பு. இவர் யாரையும் திட்டவில்லை. இரண்டு பலகைக்கு நடுவில் உருளைகளை வைத்து, ஒரு முள்ளையும் பொருத்தினார். மேஜை நகர்வதற்கு முன்னாலேயே மேலே வைத்த கைகள் தங்களுக்கே தெரியாமல் தள்ளுகின்றன என்று முள் காட்டியது. முள்ளை எல்லாரும் பார்க்க ஆரம்பித்ததும் மேஜை நின்றுவிட்டது! இதைச் செய்தித்தாளுக்கும் எழுதினார். 1855-இல் தேம்ஸ் நதியில் வெள்ளை அட்டைத் துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். ஒரு அங்குலம் முங்குவதற்குள் கண்ணுக்குத் தெரியவில்லை, தண்ணீர் அவ்வளவு சாக்கடை. அதையும் எழுதினார்.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியையும் மறுத்தார். வயதாக ஆக ஞாபகசக்தி குறைந்துகொண்டே போனது. அந்த நிலையிலும் 1860 கிறிஸ்துமஸுக்கு, 69 வயதில், பிள்ளைகள் முன் வந்து நின்றார். அவர்களுக்குக் கடைசியாகப் பேசியது அதுதான். எடுத்துக்கொண்ட பொருள், சாதாரண மெழுகுவத்தி.

ஆறு சொற்பொழிவும் அதைப் பற்றியே. கரிவாளி எறிகிற மாதிரி ஒன்றும் பெரிசா வேண்டியிருக்கவில்லை. மெழுகு ஏன் குழிந்த கிண்ணம் மாதிரி உருகுகிறது? ஓரமாக ஏறும் காற்று விளிம்பைக் குளிரவைப்பதால். உருகிய மெழுகு திரியில் எப்படி மேலே ஏறுகிறது? துணி நுனி தண்ணீரை உறிஞ்சுவது போல. சுடருக்கு வெளிச்சம் எதனால்? உள்ளே சூடேறி ஒளிரும் கரித்துகளால். எரிந்து முடிந்ததும் என்ன ஆகிறது? தண்ணீரும் கரியமில வாயுவும். நம் மூச்சில் வெளியே போவதும் அதே வாயுதான் என்று, சுடரில் ஆரம்பித்து நம் நெஞ்சுக்கூடு வரை கொண்டுவந்து விட்டார்.

வில்லியம் குரூக்ஸ் அதைத் தொகுத்து 1861-இல் புத்தகமாக்கினார். அது எங்கெங்கோ போயிற்று. ஜப்பானில் அகிரா யோஷினோ என்ற சிறுவனுக்கு, ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைப் படிக்கச் சொன்னார். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

ஃபாரடே 1867 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் சாதாரணமான ஒரு கல்லின் கீழ் இருக்கிறார்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. மெழுகுவத்தியை அணைத்தவுடன் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும்பும். திரியைத் தொடாமல் அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அது புகை இல்லை, மெழுகின் ஆவி. ஃபாரடே பிள்ளைகளுக்குச் செய்து காட்டியது. வருகிற வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அறிவியல் ஆய்வகத்தில் நான் செய்து காட்டுகிறேன், சார் அனுமதி கொடுத்துவிட்டார். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் முன்வரிசையில் உட்காரலாம். மெழுகுவத்தி நான் கொண்டுவர்றேன், தீப்பெட்டி சார் கையில் இருக்கும். மெதுவாக என்று எழுதிய அட்டையைப் பிடிக்க மட்டும் ஒரு ஆள் தேவை.