யானைகள் நமக்குக் கேட்காமல் பேசுவதை முதலில் குறித்தவர்: யார் இந்த மா. கிருஷ்ணன்?

காட்டில் ஒரு யானைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. திடீரென எல்லா யானைகளும் ஒரே நேரத்தில் அசையாமல் நிற்கின்றன. காதை விரிக்கின்றன. பிறகு ஒரே திசையில் நடக்கின்றன. யார் சொன்னார்கள்? எப்படிச் சொன்னார்கள்?

இதற்கான விடையை 1980-களில் கருவிகள் வைத்து நிரூபித்தவர் அமெரிக்க விஞ்ஞானி கேட்டி பெய்ன். ஆனால் அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் முன்னாடியே, ஆசிய யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத ஒலியில் பேசிக்கொள்ளலாம் என்று பதிவு செய்தவர் நம்ம சென்னைக்காரர். பெயர் மா. கிருஷ்ணன்.

மயிலாப்பூரில் மான்

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா அ. மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலை எழுதியவர். குடும்பம் மயிலாப்பூரில் குடியேறியது. அன்றைய மயிலாப்பூரில் புதர்க்காடு இருந்தது. வெளிமானும் நரியும் சர்வசாதாரணம். இன்று நாவலூர் பக்கம் அபார்ட்மென்ட்களுக்கு நடுவே ஏரிக்கரையில் கொஞ்சம் புதர் மிச்சமிருக்கிறதே, அதை ஊர் முழுக்க விரித்துப் பார்த்தால் அந்தக் கால மயிலாப்பூர் ஓரளவு பிடிபடும். சிறுவன் கிருஷ்ணன் வீட்டில் வளர்த்தது நாய் அல்ல, கீரிப்பிள்ளை!

1925-ல் அப்பா இறந்தபோது அவருக்கு வயது 13. 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மார்க் வாங்குவதில் பெரிய ஆள் இல்லை. ஆனால் தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளைச் சுற்றியதில் உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்தது. 1942-ல் பெல்லாரி அருகே இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை. அங்கே ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னை திரும்பினார். அதற்குப் பிறகு மாதச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. எழுத்து, ஓவியம், புகைப்படம் மட்டும்தான் பிழைப்பு.

கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் 1950-ல் இயற்கை பற்றி ஒரு பத்தி தொடங்கினார். அது 46 வருடங்கள் ஓடியது.

லேப் இல்லை, பொறுமை இருந்தது

1968-ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் பெரிய பாலூட்டிகளைப் பற்றி ஆய்வு செய்தார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். கையில் ஒலிப்பதிவு லேப் எதுவும் கிடையாது. மணிக்கணக்கில் யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யானைகளின் குரல் பற்றிய அவரது குறிப்பு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1972-ல் வெளிவந்த கட்டுரையில் இருக்கிறது. அப்போது அதை யாரும் கருவி கொண்டு சோதிக்கவில்லை.

போர்ட்லாண்டில் கிடைத்த ஆதாரம்

1984 மே மாதம். அதுவரை திமிங்கிலங்களின் பாடலை ஆராய்ந்த கேட்டி பெய்ன், அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறார். ஆசிய யானைகளின் கூண்டருகே காற்று அதிர்வதை உடம்பில் உணர்கிறார். காதில் ஒன்றும் விழவில்லை. பிறகு குழுவோடு வந்து பதிவு செய்து, டேப்பை வேகமாக ஓடவிட்டபோது, கேட்காத குரல்கள் கேட்டன!

1986-ல் வெளியான அந்த ஆய்வின்படி, குரல்களின் அதிர்வெண் 14 முதல் 24 ஹெர்ட்ஸ். நம் காது சுமார் 20 ஹெர்ட்ஸில் இருந்துதான் கேட்கத் தொடங்கும். சில குரல்களின்போது யானையின் நெற்றித் தோல் படபடவெனத் துடிப்பதையும் அந்தக் குழு பார்த்தது.

எதற்கு இவ்வளவு தாழ்ந்த குரல்?

நாவலூரில் நாலு தெரு தள்ளி கோயில் திருவிழா நடந்தால், மாடி வீட்டில் பாட்டு வரி கேட்காது. ஆனால் ‘டும் டும்’ என்ற பேஸ் மட்டும் ஜன்னலைத் தாண்டி வரும். அதே கதைதான். தாழ்ந்த ஒலி, வழியில் இருக்கும் தடைகளால் குறைவாகவே மங்கும். மரம், புதர் தாண்டிப் பல கிலோமீட்டர் போகும். பிரிந்த கூட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்து நகரவும், இணை தேடும் பெண் யானை தூரத்து ஆண் யானையை அழைக்கவும் இது உதவுகிறது. இந்த ஒலி உருவாகும் விதத்தையும் 2012-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். மனிதர்கள் பாடும்போது நடப்பதைப் போலவே, காற்று மோதி யானையின் குரல்வளை மடிப்புகள் அதிர்கின்றன. மடிப்பு ரொம்பப் பெரிது, அதனால் குரல் ரொம்பத் தாழ்வு.

அப்போ பெருமை யாருக்கு?

நிரூபித்த பெருமை பெய்னுக்கு. அதில் சந்தேகமே இல்லை. பதிவும் அளவும் இல்லாமல் அறிவியல் ஏற்காது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று முதலில் சுட்டிக்காட்டுவதும் அறிவியல்தான். விலங்கியலில் முனைவர் பட்டமோ, நிறுவனமோ, சம்பளமோ இல்லாத ஒருவரின் குறிப்பை அன்றே யாராவது மைக்கோடு பின்தொடர்ந்திருந்தால், இந்தக் கண்டுபிடிப்பு முதுமலையிலேயே நடந்திருக்கலாம்.

இன்று காட்டு வழியே லாரியும் ரயிலும் ஓடுகின்றன. அவற்றின் இரைச்சலிலும் தாழ்ந்த ஒலிகள் உண்டு. காடு அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் அங்கே யாரோ பேசிக்கொண்டிருக்கலாம். இந்தப் புரிதலுக்கான முதல் குறிப்பு கிருஷ்ணனுடையது.

1996 பிப்ரவரி 18-ல் கிருஷ்ணன் காலமானார். ஸ்டேட்ஸ்மேனில் அவரது கடைசிப் பத்தி வெளியானதும் அதே நாளில்தான். அவரது தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். கிருஷ்ணனைப் படிக்கத் தொடங்க அது நல்ல இடம்.