சேலம் விஜயராகவாச்சாரியார்

பொதுப்பதவி வகிப்போரிற் சிலர் மேடையில் உரைப்பது ஒன்று, அலுவலிற் செய்வது வேறொன்று. இக்குறைக்கு மருந்து தேடிக் கெங்கவல்லியிலுள்ள நம் சங்கத்தார் வெகுதூரம் போகவேண்டுவதில்லை. நம் ஜில்லாவின் தலைநகரில் வாழ்ந்த சி. விஜயராகவாச்சாரியாரின் சரித்திரமே போதும்.

செங்கற்பட்டு ஜில்லாவில் 1852-ல் பிறந்த இவர், சேலத்தில் வக்கீலாகி நகரசபை அங்கத்தினருமானார். 1882-ல் நிகழ்ந்த சேலம் கலகத்தைத் தூண்டினாரென்று குற்றஞ் சாட்டப்பெற்று, 10 ஆண்டுச் சிறைவாசம் விதிக்கப்பெற்றார். சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் செய்து விடுதலையடைந்தார். தாம் தப்பியதே போதுமென்று அமைந்தாரல்லர். அக்கலகத்தின் பொருட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டோர் விடுதலைக்கும் உழைத்தார். தம்மை நகரசபையினின்று நீக்கியது முறையன்றென அரசாங்கத்தின் மீதே வழக்காடி வென்றார். கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய். தொகை சிறிது, அதிகாரமும் சட்டத்துக்கு அடங்கியதே என்று நாட்டியது பெரிது.

1920-ல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தபோதும், ஒத்துழையாமைத் திட்டத்தில் தமக்கிருந்த கருத்து வேற்றுமையை மறைத்தாரில்லை. கைதட்டலுக்காக மனத்தை ஒளிக்கும் வழக்கம் அவரிடமில்லை. 1944-ல் காலமானார்.

அதிகாரிகளின் கபடத்தைக் குறைகூறும் நாம், உறவினன் பொருட்டுப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கிறோமா? சங்கப் பதவியேற்போர் முதற்கண் இக்கேள்விக்கு விடை கூறுவாராக.