அச்சத்தின் முகத்திரை விலக்கிய கலைஞர்: வீணை எஸ். பாலசந்தர்

மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. தமிழ்த் திரைப்படம் நம்மை அஞ்சுவிக்க எண்ணியபோதெல்லாம் பெரும்பாலும் முதலாவதாகிய அணங்கையே நாடிற்று. வெண்புடைவை, விரிந்த கூந்தல், சலங்கை ஒலி, தானே திறக்கும் கதவு, நள்ளிரவில் எங்கிருந்தோ எழும் பாட்டு ஆகியன அதன் வழிவழி வந்த கருவிகள். இம்மரபை நன்கறிந்து, பேயை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதன் இருக்கையில் வீட்டுக்குள்ளேயே உறையும் கள்வனை அமர்த்தியவர் எஸ். பாலசந்தர். வீணை வித்தகராக உலகம் போற்றிய அவரின் மற்றொரு முகத்தை இம்மலரில் காண விழைகின்றோம்.

காவிரியின் வடகரையில் அமைந்த நம் முசிறி வட்டாரத்தார்க்கு இசையும் திரையும் இணைந்த வாழ்வு புதிதன்று. பொம்மலாபாளையத்தில் பிறந்து, முசிறி என்னும் ஊர்ப்பெயராலேயே நாடெங்கும் அறியப்பட்ட சுப்பிரமணிய ஐயர், 'துக்காராம்' (1938) என்னும் ஒரே படத்தில் நடித்துவிட்டு இசைக்கே மீண்டார். திரையில் நெடுந்தொலைவு சென்று, பின்னர் அவரைப் போலவே இசைக்குத் திரும்பியவர் பாலசந்தர்.

பிறப்பும் இளமையும்

பாலசந்தர் 1927 ஜனவரி 18 அன்று சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் கலையார்வம் மிக்கவர். தமையனார் எஸ். ராஜம் பிற்காலத்தில் இசைவாணராகவும் ஓவியராகவும் புகழ் பெற்றார். 1934-இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம் இராமனாகவும் தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். சிறுவர் பாலசந்தர் இராவணன் அவையில் கஞ்சிரா வாசிப்பவராகத் தோன்றினார். கஞ்சிரா, தபலா, ஆர்மோனியம், சித்தார் எனப் பல கருவிகளைக் கையாண்டு, இறுதியில் வீணையை அடைந்தார். குருவென ஒருவரிடம் அமர்ந்து பயிலாமல், தம் செவியையும் விரலையுமே ஆசானாகக் கொண்டு வீணையைக் கற்றார். சென்னை வானொலி நிலையத்திலும் பணியாற்றினார்.

திரையுலகில் புதுநெறி

1948-இல் வெளிவந்த 'இது நிஜமா' படத்தில் இரட்டையராக இரு வேடம் ஏற்றார். கொலையுண்டவனின் ஆவி அதில் வருகின்றது. எனினும் அது அஞ்சுவிக்க வரவில்லை. உடன்பிறந்தானுக்குத் துணைநிற்க வருகின்றது. பேய் என்றால் அலறவேண்டும் என்னும் வழக்கத்தை இளமையிலேயே அவர் விளையாட்டாக மாற்றிப் பார்த்ததற்கு இது சான்று. அதே ஆண்டில் 'என் கணவர்', 1951-இல் 'கைதி' ஆகிய படங்களை இயக்கினார்.

ஏவி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' 1954 ஏப்ரல் 13 அன்று வெளியாயிற்று. ஜாவர் சீதாராமன் கதை உரையாடல் எழுதி நடித்தார். ஜப்பானிய நாட்டின் அகிரா குரோசாவா இயக்கிய 'ராஷோமோன்' (1950) படத்தின் தூண்டுதலால் பிறந்தது அது. ஒருவரே கதை சொல்லுதல் என்னும் முறையை விட்டு, ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் நிகழ்ச்சியை உரைப்பர். பாடல் இல்லை, நடனம் இல்லை. நாயகராகிய சிவாஜி கணேசன் தொடக்கக் காட்சியிலேயே சுடப்பட்டு வீழ்கிறார். பாட்டுக்காகவே படம் பார்க்கப் பழகிய காலத்தில் இஃது எத்துணைத் துணிவு என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நடுவணரசின் தகுதிச் சான்றிதழ் கிட்டியது. ஆனால் வசூல் எதிர்பார்த்த அளவு அமையவில்லை. புதுமைக்கு அவர் கொடுத்த விலை அது.

1964-இல் தாமே தயாரித்து இயக்கிய 'பொம்மை', வெடிகுண்டு பொதிந்த ஒரு விளையாட்டுப் பொம்மையின் கதை. அது கைமாறிக் கைமாறி நகரெங்கும் உலவுகின்றது. ஏந்தியிருப்போர்க்கு அதனுள் இருப்பது தெரியாது, பார்ப்போர்க்குத் தெரியும். அச்சத்தைத் திரையில் காட்டாமல் பார்ப்போர் நெஞ்சில் விளைவிக்கும் இம்முறையை ஆங்கிலப் பட உலகில் ஆல்பிரட் ஹிட்ச்காக் வளர்த்தார். அதனைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்தவர் பாலசந்தர் எனில் மிகையாகாது. படத்தின் முடிவில், திரைக்குப் பின்னே உழைத்த கலைஞர்களை அவரே தோன்றி அறிமுகம் செய்துவைத்தார். அதுவரை அஞ்சியது கலைஞர் பலர் கூடிச் செய்த கற்பனையே எனப் பார்ப்போர் உணர்ந்து புன்னகையுடன் வெளியேறினர்.

'நடு இரவில்'

அவர் இயக்கிய இறுதிப் படம் 'நடு இரவில்'. எடுத்து முடித்தும் காத்திருந்து 1970-இல் வெளிவந்தது. அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய புகழ்பெற்ற துப்பறியும் புதினம் அதற்குத் தூண்டுதல். தனித்த மாளிகை ஒன்றில் செல்வர் தயானந்தம் வாழ்கிறார். அவராக நடித்தவர் மேஜர் சுந்தரராஜன். அவர்தம் மனைவியாகப் பண்டரிபாய் நடித்தார். தயானந்தத்தின் ஆயுள் குறுகியது என அறிந்து உறவினர் அங்கே கூடுகின்றனர். ஒருவர் பின் ஒருவராகக் கொலையுண்கின்றனர்.

இருள், தனிமை, மூடிய அறைகள் எனப் பேய்ப்படத்தின் கருவிகள் யாவும் உள்ளன. பேய் மட்டும் இல்லை. மருத்துவராக நடித்த இயக்குநரே ஐயத்திற்குரியோருள் ஒருவர்! கதையை நடத்துபவரைக்கூட நம்ப இயலாத நிலையில் பார்ப்போரை அவர் நிறுத்திவிடுகின்றார். கொலையாளி யார் என்பதைக் கூறி, இனிக் காணப்போவோரின் சுவையைக் கெடுக்க விரும்பவில்லை.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவ்வீட்டில் உலவும் உண்மையான பேய் சொத்தாசை. நோயுற்றவரை நலம் கேட்க வந்தவர் நெஞ்சில் பாகத்தின் கணக்கே ஓடுகின்றது. பங்கீட்டால் பகை மூண்ட குடும்பங்களை நம் பெரியோர் பலரும் கண்டிருப்பர். வாரிசுகளுக்கு உரிய பங்குகளைத் திருமறை வரையறுத்திருப்பதன் உட்பொருள், இத்தகைய இரவுகள் நம் இல்லங்களில் நேராதிருக்கவே என எண்ணத் தோன்றுகின்றது.

வீணையே வாழ்வாக

அதன்பின் திரையை விடுத்து வீணையிலேயே தோய்ந்தார். அயல்நாடுகளிலும் அவர்தம் வீணை ஒலித்தது. 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார். சுவாதித் திருநாளின் பெயரால் வழங்கும் கீர்த்தனைகள் அவர் இயற்றியவைதாமா என ஐயம் எழுப்பிப் பெரும் விவாதம் நடத்தினார். அவர் முடிவை ஏற்காதார் பலர். ஆயினும், பலரும் நம்புவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்னும் அவர் போக்கு, 'அந்த நாள்' படத்தில் கண்ட அதே போக்குத்தான். 1990 ஏப்ரல் 13 அன்று பிலாய் நகரில், 63-ஆம் அகவையில் மறைந்தார். 'அந்த நாள்' வெளியான அதே நாள் அது!

நிறைவாக

மறைவானவற்றை நம்புதல் வேறு. அவற்றின் பெயரால் எளியோரை அஞ்சுவித்துப் பொருள் பறித்தல் வேறு. கதவு தானே திறந்தால் திறந்தவர் யார் என வினவுக என்பதே பாலசந்தர் படங்கள் இளைஞர்க்குக் கற்பிக்கும் பாடம். தொல்காப்பியர் கூறிய நான்காவது அச்சம், நாம் யாருக்கு விடைசொல்லக் கடமைப்பட்டுள்ளோமோ அவர்பால் எழுவது. அரசன், ஆசான் என உரையாளர் விரிப்பர். நாமோ படைத்தவனிடம் கணக்குக் கொடுக்கும் நாளையும் அத்துடன் நினைக்கின்றோம். அவ்வச்சம் நீங்கிய இல்லத்தில் மூன்றாவது அச்சமாகிய கள்வர் குடிபுகுவர். 'நடு இரவில்' நம் கண்முன் நிறுத்தும் உண்மை இதுவே.

2027 ஜனவரி 18 அவர் பிறந்து நூறாண்டு நிறையும் நாள். அந்நாளையொட்டித் தமிழ்த்துறை மாணவர்கள் இப்படங்களைக் கண்டு, மெய்ப்பாட்டியலோடு ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதுவார்களாயின், அதுவே அக்கலைஞர்க்கு நாம் செலுத்தும் தக்க நன்றியாகும்.