கடவுளிடமே சந்தா வசூலித்த கதாசிரியர்: யார் இந்தப் புதுமைப்பித்தன்?

கடவுள் ஒருநாள் சென்னைக்கு வருகிறார். பிராட்வே பக்கம் ஒருவரிடம் வழி கேட்கிறார். அவரோ வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை. காபி சாப்பிடக் கூட்டிப்போய், வந்திருப்பது கடவுள்தான் என்று தெரிந்த பிறகும், பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். 1943-ல் எழுதப்பட்ட இந்தக் கதையை இன்று படித்தாலும் சிரிப்பு வருது. எழுதியவர் புதுமைப்பித்தன்.

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ம் தேதி திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார், அதனால் ஊர் ஊராக மாற்றல். அம்மா பர்வதத்தம்மாள் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். பிறகு கமலாவுடன் திருமணம்.

தாசில்தார் மகன், பட்டதாரி. சர்க்கார் வேலைக்குப் போவார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். இவரோ எழுத்தை மட்டுமே நம்பி சென்னைக்குக் கிளம்பினார். இன்றைய பாஷையில் சொன்னால் முழுநேர ஃப்ரீலான்ஸர். அதுவும் 1930-களில்!

1934-ல் 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே வந்த 'பொன்னகரம்' இன்னும் சிலரை நெளிய வைக்கும் கதை. மில் தொழிலாளி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி கொடுக்க வழியில்லாமல் தன் உடலை விற்கிறாள். கற்பு பற்றிப் பெருமை பேசுகிறவர்களை நோக்கிக் கதை முடியும். 'சாப விமோசன'த்தில் கல்லாக இருந்து மீண்ட அகலிகை, சீதையை ராமன் தீக்குளிக்க வைத்தான் என்று தெரிந்ததும் மறுபடி கல்லாகிறாள். ராமாயணம் கேட்டு வளர்ந்த வாசகர்களுக்கு இது லேசான அதிர்ச்சியாக இருந்திருக்காது.

பேய்க்கதை, புராணம், நகரக் கதை என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நடை. ஆனால் நெல்லைப் பிள்ளைமார் வீட்டுப் பேச்சு வரும்போது கை தனியாக ஓடும். 'செல்லம்மாள்' அதற்கு நல்ல உதாரணம். சென்னையில் ஜவுளிக்கடையில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, சீக்காளி மனைவியை அவள் கடைசி மூச்சு வரை கவனிக்கிறார். கண்ணீரே இல்லாமல் எழுதியிருப்பார். அதனால்தான் அவ்வளவு கனம்.

சுமார் நூறு சிறுகதைகள், உலக இலக்கிய மொழிபெயர்ப்புகள், முசோலினி பற்றி 'பாசிஸ்ட் ஜடாமுனி' என்று ஒரு புத்தகம். கவிதைக்கு மட்டும் தனிப் பெயர்: வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை. கவிதைகள் பதினைந்து தேறும். எண்ணிக்கை குறைவு, கிண்டல் ஜாஸ்தி. எழுத்தாளன் இருக்கும்போது கண்டுகொள்ளாமல், செத்த பிறகு நிதி திரட்டி நினைவுவிழா எடுக்கும் ஊரை ஒரு கவிதையில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

சரி, வருமானம்? 'தினமணி'யில் வேலை பார்த்தார். ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் 1943-ல் வெளியேறியபோது இவரும் வெளியே வந்தார். அடுத்து 'தினசரி', அதன்பின் சினிமா. அம்மா நினைவாக 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' ஆரம்பித்து 'வசந்தவல்லி' என்ற படம் எடுக்க முயன்றார். படம் நடக்கவில்லை, கையிருப்பு கரைந்தது.

இந்தக் காலத்தில் கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் தன் வீட்டாரோடு இருந்தார். அவருக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்தன. கதைகளில் யாரையும் விட்டுவைக்காத மனுஷன், அதில் பணம் அனுப்ப முடியாத கணவனாகத் தவிக்கிறார். அவருடைய கதைகளைவிட இந்தக் கடிதங்கள்தான் படிக்கக் கஷ்டமானவை என்பேன்.

எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுத புனே போனார். அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பி, 1948 ஜூன் 30 அன்று இறந்தார். வயது 42. மகள் தினகரி அப்போது கைக்குழந்தை. 'ராஜமுக்தி' வெளியானதே அவர் இறந்த பிறகுதான். குடும்பத்துக்காக நிதியும் திரட்டினார்கள், அவர் கவிதையில் கிண்டல் செய்த அதே மாதிரி. கமலாவும் கதைகள் எழுதியவர்தான், 'காசுமாலை' அவருடைய தொகுப்பு.

2002-ல் தமிழக அரசு புதுமைப்பித்தன் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. 2014-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து 'பொன்னகர'மும், இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகள் பற்றிய 'துன்பக்கேணி'யும் நீக்கப்பட்டன. தலித் மக்களைச் சித்திரித்த விதம் சரியா என்ற கேள்வியும், கதையை நீக்கலாமா என்ற கேள்வியும் ஒன்றாக எழுந்தன. முதல் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ராஜ் கௌதமன் போன்ற விமர்சகர்கள் அதற்கு முன்பே அவரது எழுத்தில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதையை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் அந்த விவாதத்தை மாணவர்கள் எங்கே நடத்துவார்கள்?

நாட்டுடைமை என்பதால் கதைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் ஆரம்பிக்கலாம். 'செல்லம்மாள்' கதையை மட்டும் ஆபீஸ் போகிற வழியில் படிக்காதீங்க.