உலகக் கோப்பையையும் தெரு ஆட்டமா ஆடியவர்... காரிஞ்சாவின் கதை!

ரெண்டு கல்லை வெச்சா அதுதான் கோல் போஸ்ட். இருட்டி பந்து தெரியாமப் போற வரைக்கும் ஆட்டம். சின்ன வயசுல இப்படி ஆடின மேட்ச்ல யார் ஜெயிச்சாங்கன்னு இப்போ யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா, நாலு பேரை ஏமாத்திட்டுப் பந்தைக் கொண்டுபோன அந்த ஒருத்தனை மட்டும் மறக்கவே மாட்டோம். அப்படிப்பட்ட ஒருத்தர் உலகக் கோப்பையில் இறங்கினாலும் அதே ஆட்டத்தைத்தான் ஆடுவேன் என்று நின்றால் எப்படி இருக்கும்? அவர்தான் பிரேசிலின் காரிஞ்சா.

கோணல் கால்... குட்டிப் பறவை!

1933-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி, ரியோ டி ஜெனிரோவுக்குப் பக்கத்தில் பாவ் கிராண்டே என்ற ஊரில் பிறந்தார். சொந்தப் பெயர் மனுவேல். வலது கால் உள்பக்கமாகவும், இடது கால் வெளிப்பக்கமாகவும் வளைந்திருந்தன. ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டை. 'காரிஞ்சா' என்பது அந்த ஊரில் சுற்றித் திரியும் பழுப்பு நிறக் குட்டிப் பறவையின் பெயர். அக்கா வைத்த அந்தப் பட்டப்பெயரே கடைசிவரை நிலைத்துவிட்டது.

ஊர் மொத்தமும் ஒரு துணி மில்லைச் சுற்றித்தான் வாழ்ந்தது. 14 வயதில் காரிஞ்சாவும் அங்கே வேலைக்குப் போனார். வேலையில் செம சோம்பேறி. ஆனா, மில் ஏரியா டீமுக்கு அவர் தேவைப்பட்டதால் பிழைத்தார் என்பார்கள். மீன் பிடிப்பது, பறவை பிடிப்பது, பந்து ஆடுவது... இந்த மூணும்தான் அவர் உலகம்.

1953-ல் ரியோவின் பொட்டாஃபோகோ கிளப்பில் அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தார்கள். எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். அப்போதே பிரேசில் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரர். பெயர் தெரியாத அந்தக் கோணல்கால் பையன் அவரையே திணறடித்தான். இவனை எதிரணியில் பார்க்க விரும்பாத நில்டன், உடனே சேர்த்துக்கொள்ளும்படி கிளப்பிடம் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு ட்ரிக்!

காரிஞ்சாவிடம் பெரிய வித்தைப் பட்டியல் எல்லாம் இல்லை. வலது ஓரத்தில் பந்தோடு நிற்பார். உடம்பை இடது பக்கம் சாய்ப்பார். எதிராளியும் அந்தப் பக்கம் சாய்ந்ததும், வலது பக்கம் சீறிப் பாய்ந்துவிடுவார். எதிரே இருப்பவருக்கும் இது தெரியும். தெரிஞ்சும் நிறுத்த முடியாது! சில நேரம் தாண்டிப் போனவர் நின்று, அதே ஆள் திரும்பி வரும்வரை காத்திருந்து மறுபடியும் ஏமாற்றுவார்.

1958 உலகக் கோப்பை நடந்தது ஸ்வீடனில். முதல் ரெண்டு மேட்ச்சில் காரிஞ்சா வெளியேதான் உட்கார்ந்திருந்தார். சோவியத் யூனியனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் அவரையும் 17 வயது பீலேவையும் இறக்கினார்கள். முதல் நிமிடத்திலேயே காரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஃபைனலில் பிரேசிலின் முதல் ரெண்டு கோல்களுமே அவர் வலது ஓரத்திலிருந்து அனுப்பிய பந்தில் வாவா அடித்தவை. 5-2 என ஜெயித்து, பிரேசில் முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

1962-ல் சிலியில் நடந்த தொடரின் இரண்டாவது ஆட்டத்திலேயே பீலேவுக்குக் காயம். பிரேசில் அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தபோது, காரிஞ்சா அணியைத் தோளில் சுமந்தார். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ரெண்டு கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக ரெண்டு கோல். ஃபைனலில் காய்ச்சலோடு ஆடினார். மறுபடியும் கோப்பை பிரேசிலுக்கே!

இங்கிலாந்து மேட்ச்சில் மைதானத்துக்குள் ஒரு நாய் புகுந்துவிட்டது. எதிரணிகளுக்கெல்லாம் தண்ணி காட்டிய காரிஞ்சாவுக்கே அது தண்ணி காட்டியது! கடைசியில் அந்த நாய் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

விசில் அடித்த பிறகு...

இவ்வளவு புகழுக்குப் பிறகும் நேரம் கிடைத்தால் பாவ் கிராண்டேவுக்குப் போய், பழைய நண்பர்களோடு வெறுங்காலில் பந்து ஆடுவார். அவர் சந்தோஷம் அங்கேதான் இருந்தது. சிக்கலும் அங்கேயே தொடங்கியது. ஒப்பந்தப் பேப்பரைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். முழங்கால் தேய்ந்து வலித்தபோதும் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். ஊரில் இளமையிலேயே ஒட்டிக்கொண்ட குடிப்பழக்கம் கடைசிவரை விடவில்லை. முதல் மனைவியையும் எட்டு மகள்களையும் விட்டுவிட்டு, பாடகி எல்சா சோரஸோடு வாழ்ந்தார். 1969-ல் அவர் ஓட்டிய கார் விபத்தில் எல்சாவின் தாய் இறந்துபோனார். மைதானத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தவர், வீட்டில் இருந்தவர்களை நிறையவே அழ வைத்திருக்கிறார்.

பிரேசிலுக்காக ஆடியது 50 ஆட்டங்கள். தோற்றது ஒன்றே ஒன்று. 1966-ல் ஹங்கேரியிடம். அதுதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டமும்கூட. அவரும் பீலேவும் சேர்ந்து ஆடிய ஒரு மேட்ச்சில்கூட பிரேசில் தோற்றதில்லை.

1983 ஜனவரி 20. குடியால் ஈரல் கெட்டு, 49 வயதில் காரிஞ்சா இறந்தார். கையில் காசு இல்லை. ஆனா, மரக்கானா ஸ்டேடியத்தில் வைக்கப்பட்ட அவர் உடலைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனபோது வழியெல்லாம் ஜனம். பிரேசில் மக்கள் அவருக்கு வைத்திருந்த பெயர், மக்களின் மகிழ்ச்சி.

பிரேசில் தலைநகரில் இன்று ஒரு பெரிய ஸ்டேடியத்துக்கே அவர் பெயர்தான். அந்த அக்கறையில் கொஞ்சம், அவர் முழங்கால் வலித்தபோதே கிடைத்திருக்கலாம். அடுத்தமுறை உங்க பழைய டீம் நண்பர்களோட வாட்ஸ்அப் குரூப்ல பழைய மேட்ச் கதை ஓடும்போது, நாலு பேரை ஏமாத்திட்டுப் பந்தைக் கொண்டுபோன அந்த நண்பன் இப்போ எப்படி இருக்கான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்!