பாப்வா செவ்கோலம்

செவ்சங்கர் 'பாப்வா' செவ்கோலம் (இறப்பு: சூலை 1978) இந்திய வம்சாவளியைச் சேர்ந்த தென்னாப்பிரிக்கக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் ஆவார். இவர் 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963 ஆம் ஆண்டு டர்பன் நகரில் நடைபெற்ற நேட்டால் ஓப்பன் போட்டியில் வென்றதன் மூலம், தென்னாப்பிரிக்காவில் மாகாண ஓப்பன் பட்டம் ஒன்றைப் பெற்ற, வெள்ளையர் அல்லாத முதல் வீரரானார். பள்ளிக் கல்வியோ ஆட்டப் பயிற்சியோ பெறாதவர். மட்டையைப் பிடிப்பதில் உலக வழக்கத்துக்கு நேர்மாறான முறையைக் கையாண்டவர். தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் கொள்கை ஒரு விளையாட்டு வீரரின் வாழ்வை எவ்வாறு முடக்கியது என்பதற்கு இவருடைய வாழ்க்கை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்புலம்

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுசெல்வது 1860 இல் தொடங்கியது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கல்கத்தாவிலிருந்து அடுத்த கப்பல் சில நாட்களில் வந்து சேர்ந்தது. 1911 இல் இம்முறை நிறுத்தப்படுவதற்குள் ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு சென்றிருந்தனர். சென்னை வழியாகச் சென்றவர்களில் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டத்தவர் பலர் இருந்தனர். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்துக்குள்தான் அடங்கியிருந்தது. டர்பன் நகரில் இன்றும் தமிழ்ப் பெயர்கள் பரவலாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

செவ்கோலத்தின் குடும்பமும் இந்த ஒப்பந்தத் தொழிலாளர் மரபில் வந்ததே. ஆனால் அவருடைய பெயர் வட இந்திய மரபைச் சேர்ந்தது. 'சிவசங்கர்' என்னும் பெயரே 'செவ்சங்கர்' என்று ஆனது. கப்பலிலும் தோட்டத்திலும் இருந்த எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் பல குடும்பங்களில் அப்படியே நிலைத்துவிட்டன. மொரிசியசின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்குலாமின் பெயர் 'சீவூசாகூர்' என்று எழுதப்படுவதையும் இதனோடு ஒப்பிடலாம். 'பாப்வா' என்பது செல்லப் பெயராகும். பிற்காலத்தில் செய்தித்தாள்களும் இப்பெயராலேயே அவரைக் குறிப்பிட்டன.

ஆட்டத்தைக் கற்ற விதம்

டர்பனின் வடபகுதியில், உம்கேனி ஆற்றை ஒட்டிய ரிவர்சைடு என்னுமிடத்தில் இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. அங்குள்ள வறிய குடும்பம் ஒன்றில் பாப்வா பிறந்தார். அருகில் வெள்ளையர்களின் பீச்வுட் குழிப்பந்தாட்டக் கழகம் இருந்தது. சிறுவனாக இருந்தபோதே அங்கு ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலைக்குச் சென்றார். (இவ்வேலை செய்பவரை ஆங்கிலத்தில் குறிக்கும் 'கேடி' என்னும் சொல் தமிழில் வேறொரு பொருளில் நன்கு வழங்கிவருவதால், இக்கட்டுரையில் 'பைதூக்கி' என்றே குறிப்பிடப்படுகிறது.)

அவருடைய முதல் மட்டை கடையில் வாங்கியதன்று. அது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த சிரிங்கா மரத்தின் கிளையைச் செதுக்கி உருவாக்கிய கோல். அதைக் கொண்டே அவர் பந்தடிக்கப் பழகினார். சொல்லித்தர எவருமில்லை. படித்துத் தெரிந்துகொள்ள எழுத்தறிவும் இல்லை.

குழிப்பந்தாட்டத்தில் புதிதாக இறங்குபவர் எதிர்கொள்ளும் இடர்களை அறிந்தால்தான் இதன் பொருள் விளங்கும். பந்தின் குறுக்களவு 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை ஏறத்தாழ 46 கிராம். அது அசையாமல் தரையில் கிடக்கும். அசையாத பந்தை அடிப்பது எளிது என்றே முதலில் எவரும் நினைப்பர். ஆனால் மட்டையின் முகம் மிகச் சிறியது. உடல் முழுவதும் சுழன்று மட்டை தலைக்குமேல் சென்று திரும்பும்போது, அம்முகம் சில பாகைகள் விலகினாலும் பந்து பல மீட்டர்கள் திசைமாறிப் போகும். தொடக்கநிலையினர் பலர் பந்துக்கு முன்னுள்ள மண்ணை வெட்டுவர், அல்லது பந்தின் தலையை மட்டும் தட்டுவர். ஆகவே பயிற்சியாளர்கள் மட்டையைப் பிடிக்கும் முறையைத்தான் முதற்பாடமாக வைக்கின்றனர். பிடி சரியாக அமையாவிட்டால் பிற்பாடு எதைத் திருத்தினாலும் பயனில்லை என்பது அவர்களின் பொதுவான கருத்து.

வலக்கைப் பழக்கமுடையவர் இடக்கையை மட்டையின் மேல்நுனியிலும் வலக்கையை அதற்குக் கீழும் வைத்துப் பிடிப்பதே வழக்கம். விரல்களை ஒன்றன்மேல் ஒன்று படிய வைப்பது, கோத்துக்கொள்வது, பத்து விரல்களையும் தனித்தனியே வைப்பது என இதில் வகைகள் உண்டு. எவ்வகையாயினும் கைகளின் வரிசை மாறுவதில்லை. பாப்வாவோ வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்துப் பிடித்தார். அப்படியே வலப்பக்க ஆட்டக்காரரைப் போல் நின்று அடித்தார். பயிற்சியாளர் ஒருவர் முதல் நாளிலேயே கண்டிருந்தால் இதைத் தவறு எனத் திருத்தியிருப்பார். திருத்த எவரும் இல்லாததால் அதுவே அவருடைய முறையாக வளர்ந்து, பின்னர் அவர் பெயராலேயே 'செவ்கோலம் பிடி' என்று அழைக்கப்பட்டது. ஆட்டத்தின் விதிகள் எந்தக் கை மேலே இருக்கவேண்டும் என்று கூறுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் பைதூக்கியாக இருந்து வளர்ந்த கறுப்பின வீரர் சார்லி ஓவன்சும் இதே முறையில் ஆடியவர். பசுந்தளத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மெல்லடிக்கு மட்டும் இடக்கையைக் கீழே வைக்கும் முறை இன்று முன்னணி வீரர்களிடையேயும் உள்ளது. முழு வீச்சுக்கு இதைப் பயன்படுத்துவோர் மிக அரிது.

ஆசிரியர் இல்லாவிடினும் பைதூக்கிக்குக் கிடைக்கும் கல்வி ஒன்று உண்டு. ஒரே திடலில் நாள்தோறும் பல மைல் நடந்து, நல்லதும் கெட்டதுமான ஆயிரக்கணக்கான அடிகளை அவர் பார்க்கிறார். எவ்வளவு தொலைவுக்கு எந்த மட்டை, கடற்காற்று பந்தை எப்பக்கம் தள்ளும், பசுந்தளத்தின் சரிவு எத்திசையில் என்பனவற்றை ஆடுபவரைவிட அவரே நன்கு அறிந்திருப்பார். இந்தியாவிலும் இவ்வழியில் வந்தோர் உள்ளனர். தில்லியில் பைதூக்கியாக இருந்த அலி ஷேர் 1991, 1993 ஆம் ஆண்டுகளில் இந்திய ஓப்பனை வென்றார். பெங்களூரில் அதே வேலை பார்த்த சின்னசாமி முனியப்பா 2009 இல் அப்பட்டத்தைப் பெற்றார். ஓசூரையும் வேப்பனப்பள்ளியையும் சேர்ந்த வாசகர்களுக்கு இந்த இரண்டாவது எடுத்துக்காட்டு மாநில எல்லைக்கு அப்பால் வெகு அருகில் நிகழ்ந்தது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இவர்களைத் தடுத்தது வறுமை மட்டுமே. பாப்வாவைத் தடுத்தது நாட்டின் சட்டமும்கூட.

ஐரோப்பாவில் வெற்றி

தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அல்லாதோர் தமக்கெனத் தனிச் சங்கங்களையும் போட்டிகளையும் நடத்திவந்தனர். அப்போட்டிகளில் பாப்வா முன்னணி வீரராக விளங்கினார். கேப்டவுன் நகரைச் சேர்ந்த இஸ்மாயில் சௌக்லே அவருடைய முதன்மைப் போட்டியாளர். ஆனால் அங்கு பரிசுத்தொகை சொற்பம், திடல்களின் தரமும் குறைவு.

டர்பனைச் சேர்ந்த வேதியியலாளர் கிரகாம் வுல்ஃப், 'ஆயில் ஆஃப் ஓலே' என்னும் முகப்பூச்சை உருவாக்கியவர். வெள்ளையரான இவர் பாப்வாவின் திறனைக் கண்டு வியந்து, 1959 இல் அவர் ஐரோப்பா சென்று ஆட உதவினார். அவ்வாண்டே பாப்வா டச்சு ஓப்பனை வென்றார். அடுத்த ஆண்டும் அப்பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியிலும் கலந்துகொண்டார்.

தொழில்முறைப் போட்டியில் ஒவ்வொரு குழிக்கும் எடுத்துக்கொண்ட அடிகள் அட்டையில் பதியப்பட வேண்டும். ஆட்டக்காரர் அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். உள்ளதைவிடக் குறைவான எண் பதிவாகியிருந்தால் அவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். எழுதப் படிக்க அறியாத ஒருவர் அயல்நாட்டில் இச்சடங்கையும் கடந்தே வென்றார் என்பது பலரும் கவனிக்காமல் விடும் செய்தி.

1963 நேட்டால் ஓப்பன்

சொந்த ஊரில் வெள்ளையர்களுடன் ஆடுவதற்கு அவருக்கு அரசின் இசைவு தேவைப்பட்டது. 1950 இல் இயற்றப்பட்ட குழுப் பகுதிகள் சட்டம், ஓர் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை மற்றோர் இனத்தவர் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. 1963 இல் நேட்டால் ஓப்பனில் ஆட பாப்வாவுக்கு இசைவு கிடைத்தது. போட்டி நடந்த இடம் டர்பன் கன்ட்ரி கிளப். திடலில் ஆடலாம், ஆனால் கழகக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது என்பது நிலை. ஆகவே உடை மாற்றுவதற்கும் உணவு உண்பதற்கும் அவர் வாகனத்தையே பயன்படுத்தினார்.

நாட்டின் முன்னணி வெள்ளை வீரர்கள் பலர் ஆடிய அப்போட்டியில் பாப்வா வென்றார். பரிசளிப்பின்போது மழை பெய்தது. மற்றவர்கள் கட்டடத்துக்குள் இருக்க, வெற்றியாளர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். உள்ளே விருந்தினர்களுக்குப் பரிமாறிய பணியாளர்களோ இந்தியர்கள். இந்தியர் ஒருவர் அக்கட்டடத்துக்குள் தட்டை ஏந்திச் செல்லலாம், கோப்பையை வாங்கச் செல்ல இயலாது. சட்டத்தின் உண்மையான தன்மையை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

மழையில் நின்ற வீரரின் ஒளிப்படம் பல நாடுகளின் செய்தித்தாள்களில் வெளியானது. தென்னாப்பிரிக்காவைப் பன்னாட்டு விளையாட்டுகளிலிருந்து விலக்கவேண்டும் என்ற இயக்கம் வலுப்பெற்றுவந்த காலம் அது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் அந்நாடு பங்கேற்க இயலவில்லை. பாப்வா அரசியல் மேடைகளில் பேசியவர் அல்லர். ஆயினும் அந்த ஒரு படம் அவரை அவ்வியக்கத்தின் அடையாளமாக்கியது.

1965 வெற்றியும் தடையும்

1964 இல் மூன்றாவது முறையாக டச்சு ஓப்பனை வென்று திரும்பிய பாப்வா, 1965 இல் மீண்டும் நேட்டால் ஓப்பனைக் கைப்பற்றினார். இம்முறை அவர் தோற்கடித்தவர்களுள் கேரி பிளேயரும் ஒருவர். பிளேயர் அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பனை வென்று, குழிப்பந்தாட்டத்தின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்ற மிகச் சிலருள் ஒருவரானார். அத்தகையவரைச் சிரிங்காக் கோலில் ஆட்டம் பயின்ற ஒருவர் வென்றது தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று. இது அவருடைய இரண்டாவது நேட்டால் பட்டம்.

இவ்வெற்றி அவருக்கு வழியைத் திறப்பதற்கு மாறாக மூடியது. 1965 இல் அரசு கலப்பினப் போட்டிகள் மீதான கட்டுப்பாடுகளை இறுக்கியது. பாப்வாவுக்கு வெள்ளையர் போட்டிகளில் ஆடும் இசைவு மறுக்கப்பட்டது. கடவுச்சீட்டும் கிடைக்காமற்போனதால் ஐரோப்பாவுக்குச் செல்லும் வாய்ப்பும் அடைபட்டது. தொழில்முறை ஆட்டக்காரருக்குப் போட்டிதான் வருவாய், போட்டிதான் பயிற்சியும். தன் திறனின் உச்சத்தில் இருந்தபோது இரண்டையும் அவர் இழந்தார்.

பிளேயர் அக்காலத்தில் தம் நாட்டின் கொள்கையை ஆதரித்து எழுதியவர். பின்னாளில் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1965 ஆம் ஆண்டின் படம் முழுமையாகும்: ஒரே திடலில் ஒரே கோப்பைக்கு ஆடிய இருவரில் ஒருவருக்கு உலகம் முழுதும் திறந்திருந்தது, வென்றவருக்கு உள்ளூரும் அடைக்கப்பட்டது.

இறுதிக் காலம்

1970களில் கட்டுப்பாடுகள் சிறிது தளரத் தொடங்கின. அதற்குள் பாப்வாவின் சிறந்த ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. 1976 இல் வின்சென்ட் சபலாலா என்னும் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர் பிரெஞ்சு ஓப்பனை வென்றார். பாப்வா ஐரோப்பாவில் முதல் வெற்றி பெற்று அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1978 இல் மாரடைப்பால் டர்பன் நகரில் பாப்வா காலமானார். ஐம்பது வயதை அவர் எட்டவில்லை. வறுமையிலேயே இறந்தார்.

நினைவு

இனவொதுக்கல் முடிவுக்கு வந்து 1994 இல் மக்களாட்சி அமைந்த பின்னர் தென்னாப்பிரிக்க அரசு, கலை, விளையாட்டு முதலிய துறைகளுக்கான 'இக்கமங்கா' விருதை மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. நீதிபதி கிறிஸ்தோபர் நிக்கல்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு 2005 இல் வெளிவந்தது. டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் உள்ள நகராட்சிக் குழிப்பந்தாட்டத் திடலுக்குப் பாப்வா செவ்கோலத்தின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அது தனியார் கழகம் அன்று, கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம் என்ற வகையில் அமைந்த பொதுத் திடல்.