முறை வைத்து உதவியவர்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில் பூய் என்றொரு சிற்றூர். 1581ஆம் ஆண்டு அங்கே ஓர் ஏழை விவசாயி வீட்டில் பிறந்தவர் வின்சென்ட் தே பவுல். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். சிறுவயதில் ஆடு மேய்த்தார், பன்றி மேய்த்தார். பையனுக்குப் படிப்பு நன்றாக வருகிறது என்று தெரிந்ததும், தந்தை அவரை அருகிலிருந்த டாக்ஸ் நகரப் பள்ளியில் சேர்த்தார். பிறகு துலூஸ் நகரில் மேற்படிப்பு படிக்க வைப்பதற்காக, வீட்டிலிருந்த ஒரு ஜோடி மாடுகளை விற்றார். உழவனுக்கு மாடு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை பதிலுக்கு என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் தந்தை மகனைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். தந்தை சற்று நொண்டி நடப்பவர். உடையும் நாட்டுப்புறத்து உடை. நண்பர்கள் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு, வின்சென்ட் அவரிடம் பேசவே போகவில்லை! வயதான பிறகும் இதை மறக்காமல், தம் குற்றமாகப் பலரிடம் சொல்லி வருந்தினார். புனிதர் என்றால் பிறந்தது முதல் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

1600ஆம் ஆண்டு, 19 வயதில் குருவானார். அப்போது அவர் மனதில் இருந்த ஆசை, நல்ல வருமானமுள்ள பதவி ஒன்று பெற்று வீட்டாரைக் கவனிக்க வேண்டும் என்பதுதான். 1610இல் தாய்க்கு எழுதிய கடிதத்திலும் அந்த நம்பிக்கை தெரிகிறது. (இடையில் கடற்கொள்ளையர் அவரைப் பிடித்துத் துனிஸ் நகரில் அடிமையாக விற்றார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் பலர் அதை நம்பவில்லை. நாமும் விட்டுவிடுவோம்.)

1617ஆம் ஆண்டு கோடைக்காலம். ஷாத்தியோன் என்ற சிறு நகரத்துக்குப் பங்குக் குருவாகப் போயிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்காக உடை மாற்றிக் கொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு வீட்டில் எல்லோருமே நோயில் விழுந்துவிட்டார்கள்; ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. வின்சென்ட் அன்றைய பிரசங்கத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார்.

மாலையில் அந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினார். வழியெல்லாம் கூட்டம்! ரொட்டியும் இறைச்சியும் எடுத்துக்கொண்டு போகிறவர்களும், கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுமாகச் சாரி சாரியாகப் பெண்கள். வெயில் தாங்காமல் சிலர் வழியில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்து போயிருப்பார்கள். வின்சென்டும் மகிழ்ந்தார், ஆனால் யோசிக்கவும் செய்தார். இன்று இவ்வளவு உணவையும் அவர்களால் சாப்பிட முடியாது. பாதி கெட்டுப் போகும். நாளை மறுநாள் யார் கொண்டு வருவார்கள்? மறுபடி பட்டினிதானே! மக்களிடம் அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

சில நாட்களிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டினார். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்தார். தன் முறை வந்த நாளில் ஒருவர் சமைத்து, நோயாளிகளின் வீட்டுக்குத் தாமே எடுத்துப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தச் சங்கத்துக்கு எழுத்து வடிவில் விதிகளும் வந்தன. எத்தனை நுணுக்கம் பாருங்கள்! என்ன உணவு, எவ்வளவு, கட்டியாகச் சாப்பிட முடியாதவருக்கு என்ன, பணத்தை யார் வைத்திருப்பது, கணக்கை எப்படிக் காட்டுவது என்று எல்லாமே அதில் இருந்தன. எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போக வேண்டும்; யாருமே இல்லாதவரிடம் கடைசியில் போக வேண்டும். ஏன்? கடைசி வீடு என்றால் அவசரமில்லாமல் அவரோடு அதிக நேரம் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா?

பாரீஸ் திரும்பியதும் இதே போன்ற சங்கங்களைப் பல ஊர்களில் தொடங்கினார். ஆனால் தலைநகரில் ஒரு சிக்கல். அங்கே சங்கத்தில் சேர்ந்தவர்கள் பெரிய வீட்டுப் பெண்கள். பணம் கொடுத்தார்கள், சந்துக்குள் சூப் பாத்திரத்தைத் தூக்கிப் போக மட்டும் பலர் வேலைக்காரிகளை அனுப்பினார்கள். வேலைக்காரிகளுக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

அப்போதுதான் மார்கரெட் நஸோ வந்தார். பாரீசுக்கு அருகே சுரேன் என்ற ஊரில் மாடு மேய்த்தவர். பள்ளிக்கூடமே போகாதவர். எழுத்துப் பாடநூல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, படித்தவர் போல் தெரியும் வழிப்போக்கர்களை நிறுத்தி இது என்ன எழுத்து, இது என்ன சொல் என்று கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றார். பிறகு ஊர் ஊராகப் போய் மற்றப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். நோயாளிகளுக்குச் சேவை செய்ய ஆள் வேண்டும் என்றதும் தாமாகவே முன்வந்தார். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தம் படுக்கையிலேயே இடம் கொடுத்ததால் அதே நோய் தொற்றி, 1633இல் இறந்தார்.

அதே ஆண்டு நவம்பரில், அவரைப் போன்ற கிராமத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்து, லூயிஸ் தே மரிலாக் என்ற விதவை அம்மையாருடன் ஒரு சகோதரிகள் சபையை வின்சென்ட் தொடங்கினார். அந்தக் காலத்தில் கன்னியர் என்றால் மடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இவர்களோ தெருவில் நடந்தார்கள், ஏழைகளின் வீட்டுப் படியேறினார்கள்.

பாரீசில் அப்போது ஆண்டுக்கு 300, 400 குழந்தைகள் தெருவில் கைவிடப்பட்டன. அவர்களை வைத்திருந்த இல்லத்தில் கவனிப்பே இல்லை. சில்லறைக் காசுக்குப் பிச்சைக்காரர்களிடம் விற்கவும் செய்தார்கள். 1638இல் வின்சென்டின் சங்கத்தால் 12 குழந்தைகளைத்தான் எடுத்து வளர்க்க முடிந்தது. எந்தப் பன்னிருவர்? சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மற்றவர்களை விட்டுவர எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்கள்! 1640இல் எல்லாக் குழந்தைகளையும் ஏற்றுக்கொண்டார்கள். 1647இல் பணம் தீர்ந்து, கைவிட்டு விடலாமா என்ற பேச்சு வந்தது. வின்சென்ட் கெஞ்சிப் பேசினார், வேலை தொடர்ந்தது.

போரில் சீரழிந்த லொரைன் பகுதிக்கும் உதவி அனுப்பினார். பணத்தைக் கொண்டு போனவர் மத்தேயு என்ற சகோதரர். பிச்சைக்காரர் போன்ற கோலம், தோளில் பழைய பை, அதற்குள் தங்கக் காசு! வழியெங்கும் திருடர்கள், படைவீரர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணங்களில் ஒருமுறைகூட அவர் பணத்தைப் பறிகொடுக்கவில்லை. 1652இல் பாரீசையே உள்நாட்டுக் கலகம் சூழ்ந்தபோது, நாள்தோறும் சுமார் 15,000 ஏழைகளுக்குச் சூப் வழங்கப்பட்டது.

1660ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று வின்சென்ட் காலமானார். 1737இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

1833இல் அதே பாரீசில், பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது கல்லூரி மாணவரும் நண்பர்களும் ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ரெண்டு. வின்சென்டின் சபையைச் சேர்ந்த சகோதரிதான். தங்கள் அமைப்புக்கு வின்சென்ட் தே பவுல் பெயரையே வைத்தார்கள். தமிழ்நாட்டில் பல பங்குகளிலும் அந்தச் சபை உண்டு. அதன் உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடி, இந்த வாரம் எந்த வீட்டுக்கு யார் போவது என்று முடிவு செய்து, இருவர் இருவராகக் கிளம்புகிறார்கள்.